சுவரில் சிரித்தவர்

கணவர் போய்ச் சேர்ந்து ஒரு வருடம்கூட நிறையாத நிலையில் கண்ணாடியம்மா அவரை மறுபடி பார்த்தாள். பார்த்தது ஒரு பஸ்ஸின் முதுகில்.

வேலைக்குப் போகிற அவசரத்தில் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள். வரவேண்டிய பஸ் நிற்காமல் போய்விட்டது. நாலு வார்த்தை திட்டலாம் என்று வாயைத் திறந்தவள், திறந்த வாயோடு நின்றுவிட்டாள். விலகிப் போகிற பஸ்ஸின் பின்பக்கம் முழுவதும் ஒரு முகம். நரைத்த மீசை, இடது புருவத்தில் பழைய வெட்டுத் தழும்பு, ஒரு பக்கமாக மட்டும் ஏறுகிற சிரிப்பு. பக்கத்தில் கொட்டை எழுத்தில், ‘என் உழைப்பு. என் பணம். என் கையில்!’ பஸ் சிக்னலைத் தாண்டியது. முகம் சின்னதாகி, கூட்டத்துக்குள் போய் மறைந்தது.

அவர் சாயலில் வேறு யாரோ என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அப்படி நினைக்கக் காரணமும் இருந்தது. பஸ்ஸில் இருந்தவர் கண்ணாடி போட்டிருக்கவில்லை. அவள் கணவரைக் கண்ணாடி இல்லாமல் ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை. இளம் வயதிலேயே தடித்த ஃபிரேம் போட்டவர். அவள் அன்றும் இன்றும் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு லென்ஸ் மாற்ற வந்து, மாற்றிய பிறகும் ஏதாவது ஒரு சாக்கு வைத்துக்கொண்டு வந்து வந்து, கடைசியில் அவளையே கட்டிக்கொண்டவர். கண்ணாடியைக் கழற்றினால் அந்த முகம் திடீரென்று வேறாகிவிடும். தூங்கி எழுந்த குழந்தையின் முகம் மாதிரி, எதைப் பார்ப்பது என்று தெரியாமல் விழிக்கும். அது அவளுக்கு மட்டும் தெரிந்த முகம்.

மறுநாள் கடைக்குப் பக்கத்துச் சுவரில் அதே படம் ஒட்டியிருந்தது. கிட்டே போய்ப் பார்த்தாள். மூக்கின் இரண்டு பக்கமும் இரண்டு சின்னப் பள்ளங்கள். ஆயுள் முழுக்கக் கண்ணாடி உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த பள்ளங்கள். படத்தைத் திருத்தியவர்கள் கண்ணாடியை அழித்துவிட்டார்கள். தடத்தை அழிக்க மறந்துவிட்டார்கள்.

அந்தப் பள்ளங்களை அவள் விரலுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் கடைசியாக அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்ததும் அவள்தான். சுவரில் கை ஊன்றிக்கொண்டாள். முதலில் வந்தது கோபமில்லை, அழுகையுமில்லை. வெட்கம். தன் படுக்கையறைக் கதவை யாரோ நடுத்தெருவில் திறந்து வைத்துவிட்ட மாதிரி ஒரு கூச்சம்.

அது மக்கள் வாக்கெடுப்பு நெருங்கிக்கொண்டிருந்த சமயம். அரசாங்க வேலையில் இருப்பவர்களின் ஓய்வூதியத்தைத் தனியார் கையில் கொடுக்கலாமா கூடாதா என்பதுதான் கேள்வி. அதுவரை இருந்த ஏற்பாடு எளிமையானது. சம்பளத்தில் ஒரு பங்கைப் பிடித்துப் பொது நிதியில் போடுவார்கள்; வேலையை விட்ட பிறகு சாகிற வரைக்கும் மாதாமாதம் வரும்; செத்தால் மனைவிக்கோ கணவனுக்கோ பாதி. இனி அவரவருக்குத் தனிக் கணக்கு, கம்பெனிகள் அதை வாங்கிச் சந்தையில் போட்டு வளர்க்கும், லாபம் வந்தாலும் நஷ்டம் வந்தாலும் உன்னுடையது, மிச்சம் இருப்பது உன் பிள்ளைகளுக்கு என்றது அரசாங்கம். பொது நிதி காலியாகிக்கொண்டிருக்கிறது, இதை விட்டால் வழியில்லை என்றார்கள் ஒரு பக்கம். காலியாக்கினதே நீங்கள்தான் என்றார்கள் மறுபக்கம். டீக்கடைகளில் கைகலப்பு வராத குறை. ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள்.

அவள் கணவர் அரசு பஸ் ஓட்டியவர். ஹாரன் என்பது அவருக்குச் சக தொழிலாளர்கள் வைத்த பெயர். எத்தனை நெரிசலானாலும் ஹாரனில் கை வைக்க மாட்டார் என்பதால் வைத்த பெயர். அவரோடு கூடவே ஓடிய கண்டக்டருக்கு விசில் என்று பெயர். இரண்டு பேரும் சேர்ந்துதான் சங்கம் வளர்த்தார்கள். முன்பு ஒரு தடவை வேறொரு அரசாங்கம் ஓய்வூதியத்தில் கை வைக்கப் பார்த்தபோது ஒரு பஸ்கூட டிப்போவை விட்டு வெளியே வராமல் பார்த்துக்கொண்டவர்கள். அதற்காக ஹாரன் சிறைக்குப் போனார். கண்ணாடியம்மா அப்போது நிறைமாத கர்ப்பிணி. மகள் பிறந்த செய்தியே அவருக்குக் கம்பிக்குப் பின்னால்தான் போய்ச் சேர்ந்தது.

அந்த மனிதர்தான் இப்போது ஊரெல்லாம் நின்று, கொடுத்துவிடுங்கள் என்று சிரித்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடிக் கடைக்கு எதிரே, மருந்துக் கடையின் மாடியில் ஒரு பெரிய விளம்பரப் பலகை உண்டு. ஒரு காலையில் அதில் ஏணி சாத்தி இரண்டு பேர் துண்டு துண்டாக ஒட்டினார்கள். முதலில் தாடை வந்தது. பிறகு வாய். மதியத்துக்குள் ஹாரன் முழுதாக வந்துவிட்டார்.

கடையிலோ எந்தப் பக்கம் திரும்பினாலும் முகம் பார்க்கிற கண்ணாடி. ஃபிரேம் மாட்டிப் பார்க்கிறவர்களுக்காக மேஜைக்கு மேஜை ஒன்று, சுவரில் ஆளுயரத்துக்கு ஒன்று. அன்றிலிருந்து எல்லாவற்றிலும் அவர் இருந்தார். வாடிக்கையாளரின் தோளுக்குப் பின்னால் இருந்தார். துடைத்து வைத்த லென்ஸின் வளைவில் பொட்டளவு இருந்தார். திருகாணி முடுக்கக் குனிந்தால் மேஜைக் கண்ணாடியில் தலைகீழாக இருந்தார். வெயில் ஏற ஏற அவர் முகம் வெளுத்து, சாயங்காலம் பலகையின் விளக்குகளைப் போட்டதும் மறுபடி ரத்தம் ஏறும்.

“இது எனக்கு எடுப்பா இருக்காங்க?” என்று ஒரு பெண் கேட்டாள்.

“கழட்டாதீங்க. தயவுசெஞ்சு போட்டுக்கோங்க” என்றாள் கண்ணாடியம்மா. சொன்னது அந்தப் பெண்ணிடமா, அவள் தோளுக்குப் பின்னால் இருந்தவரிடமா என்று அவளுக்கே தெரியவில்லை. அந்தப் பெண் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, யோசித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போய்விட்டாள்.

பெரிய தெருவை விட்டுச் சந்து வழியாக வீட்டுக்குப் போகத் தொடங்கினாள். அங்கேயும் மின்சாரப் பெட்டிகளில் சின்ன அளவில் அவரே. எதிர்ப்பக்கத்து ஆட்கள் அவற்றில் கண்களைச் சுரண்டியிருந்தார்கள். ஒன்றில் நெற்றியின் குறுக்கே ‘துரோகி’ என்று கருப்பு மையில் எழுதியிருந்தது. கைக்குட்டையை எச்சிலால் நனைத்துத் துடைத்தாள். மை போகவில்லை. நெற்றிதான் சுருள் சுருளாக உரிந்து வந்தது. உள்ளே வெறும் சிமெண்ட். பயந்துபோய், உரிந்த காகிதத்தை இருந்த இடத்திலேயே வைத்து அழுத்தினாள். ஒட்டவில்லை.

“வலிக்குதா?” என்று கேட்டாள். கேட்டதும் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

அந்த வாரமே விசில் வீட்டுக்கு வந்தார். இப்போது அவர்தான் சங்கச் செயலாளர். மூட்டுவலியோடு படியேறி வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணி, மறைக்காம சொல்லுங்க. அது அண்ணன்தானே?”

“அவர்தான்.”

“கண்ணாடி இல்லாததால எனக்கே சந்தேகம். நெஞ்சு மட்டும் சொல்லுது, அவர்தான்னு.” தண்ணீரைக் கீழே வைத்தார். “டிப்போவுல ஒரு சின்னப்பய கேக்கறான், ‘உங்க ஹாரனே அந்தப் பக்கம் சாஞ்சுட்டாரே’ன்னு. செத்தவர் எப்படிடா சாய்வாருன்னேன். சிரிக்கறான். இத்தனை வருஷமா அண்ணன் பேரைச் சொல்லித்தான் ஆள் சேத்தோம். இப்ப அவர் மூஞ்சியாலேயே நம்மள அடிக்கறாங்க.”

“நான் என்ன பண்ணணும்?”

“டிப்போ மைதானத்துல கூட்டம் போடறோம். நீங்க மேடையேறி ஒரே ஒரு வார்த்தை சொன்னா போதும். ‘என் வீட்டுக்காரர் இதை ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டாரு.’ அவ்வளவுதான். மீதியை நாங்க பாத்துக்கறோம்.”

“சரி தம்பி” என்று வாய் சொன்னது.

படம் எங்கிருந்து போயிருக்கும் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. கழுத்துப் பட்டையின் ஓரத்தில் தெரிந்த காக்கி நிறமே சொல்லிவிட்டது. அது அவர் கடைசியாக பஸ்ஸை விட்டு இறங்கிய நாள். ‘அப்பா, இங்க பாரு’ என்று கூப்பிட்டுப் படமெடுத்தது மகள்தான். மகளுக்கு ஒரு விளம்பரக் கம்பெனியில் வாசகம் எழுதுகிற வேலை. கொஞ்ச நாளாக ஃபோனில் பேச்சைச் சுருக்கிக்கொண்டிருந்தாள்.

கூட்டத்துக்கு முன்பாக ஒரு நாள், அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, கண்ணாடியம்மா மகளின் அலுவலகத்துக்கே போனாள். மகள் மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லி ஒரு நீள அறையில் உட்கார வைத்தார்கள்.

அந்த அறையின் சுவர் முழுவதும் அவர். நீலச் சட்டை போட்ட அவர், வெள்ளைச் சட்டை போட்ட அவர், பேரக்குழந்தை என்று யாரோ ஒரு குழந்தையை மடியில் வைத்திருக்கும் அவர். பேரப்பிள்ளை பார்க்காமலே போனவர். ஓரத்து மேஜையில் ஒரு பெண், கம்ப்யூட்டர் திரையில் அவர் வாயைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, உதட்டின் ஓரத்தை மவுஸால் மேலே இழுத்தாள். கொஞ்சம் கீழே விட்டாள். மறுபடி இழுத்தாள். இரண்டு பக்கமும் ஏறுகிற சிரிப்பாகிவிட்டது. அப்படி அவர் ஒரு நாளும் சிரித்ததில்லை.

கண்ணாடியம்மா பார்ப்பதைப் பார்த்து அந்தப் பெண் நட்பாகச் சொன்னாள், “எத்தனையோ முகம் போட்டுப் பாத்தோம்மா. நடிகர்ங்க, மாடல்ங்க. யாருமே சரிப்படல. இந்தப் பெரியவர்தான் நல்லா வேலை செய்யறாரு.”

“ஆமா. அவர் லீவே போட மாட்டாரு” என்றாள் கண்ணாடியம்மா.

மகள் உள்ளே வந்தாள். அம்மாவைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. அந்தப் பெண்ணை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள்.

“சொல்லணும்னுதான் இருந்தேன்.”

“எப்ப? அவரை ஊர் பூரா ஒட்டி முடிச்ச பிறகா? கண்ணாடியை ஏன் பாப்பா கழட்டினே?”

திட்டுக்குத் தயாராக வந்த மகள் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. “கண்ணாடி போட்டா கண்ணுல வெளிச்சம் அடிக்குதும்மா. ஜனங்க கண்ணைப் பாக்கணும்… கண்ணைப் பாத்தாதான் நம்புவாங்க.”

“நம்ப வைக்கறதுக்கு உன் அப்பாதான் கெடைச்சாரா?”

“ஆமா, அப்பாதான்!” மகளின் குரல் உயர்ந்தது. “நான் காசுக்காகப் பண்ணேன்னு நெனச்சியா? ஆயுசு முழுக்க அந்தப் பொது நிதியில கட்டினாரு. வெயில்லயும் மழையிலயும் ஓட்டி ஓட்டிக் கட்டினாரு. வாங்கினது எத்தனை மாசம்? எண்ண ஒரு கை விரல் போதுமே! மீதி எங்க போச்சு? அவருக்குன்னு தனிக் கணக்கு இருந்திருந்தா அது இன்னிக்கு உன் கையில இருந்திருக்கும். நீ இந்த வயசுல ஸ்க்ரூ முடுக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதில்ல.”

“எனக்குப் பாதி வருது.”

“உனக்கப்புறம்?”

“எனக்கப்புறம் இன்னொருத்தருக்குப் போகும். எவனோ ஒருத்தன் நீண்ட ஆயுசோட இருப்பான், அவனுக்குப் போகும். அப்படித்தான் அதை அவங்க சேத்து வச்சாங்க.”

“எவனோ ஒருத்தனுக்காக என் அப்பா சாகலம்மா.”

மகள் கிட்டே வந்து, தணிந்த குரலில் சொன்னாள். “நான் இல்லாததை எழுதல. ஆஸ்பத்திரியில அப்பா என்ன சொன்னாருன்னு உனக்கும் தெரியும். நீயும் அங்கதான் இருந்தே.”

தெரியும். அதுதான் விசில் வந்துபோன நாளிலிருந்து அவளைத் தூங்கவிடாமல் செய்தது. நெஞ்சில் கம்பிகள் ஒட்டிப் படுத்திருந்தபோது, வெயில் சுள்ளென்று அடிக்கிற பகலில், ஹாரன் அவர்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு புலம்பினார். ‘எல்லாத்தையும் பொதுவுல போட்டுட்டேன். எனக்குன்னு எதையும் எடுத்து வைக்கல. அதை என் கையில குடுத்திருந்தா இன்னிக்கு உங்க ரெண்டு பேருக்கும் விட்டுட்டுப் போயிருப்பேனே. நான் முட்டாள். நாங்க எல்லாரும் முட்டாளுங்க.’ சிறைக்குப் போன மனிதர் அப்படிச் சொன்னார். அவள் அதைக் காதில் வாங்காத மாதிரி போர்வையைச் சரிசெய்தாள்.

“பயத்துல சொன்னது பாப்பா.”

“கடைசியா சொன்னது” என்றாள் மகள்.

டிப்போ மைதானத்தில் நல்ல கூட்டம். சாயங்கால வெயில் பஸ் கூரைகளில் பட்டுக் கண்ணைக் கூச வைத்தது. ஓய்வுபெற்ற டிரைவர்களும் கண்டக்டர்களும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் மூக்கில் இருந்தது அவள் கையால் பொருத்திய கண்ணாடி. மேடைக்குப் பின்னால் நின்ற பஸ்ஸின் முதுகிலும் ஹாரன் இருந்தார். யாரோ அதன்மேல் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். காற்றடிக்கும்போதெல்லாம் தார்ப்பாய் வாயருகே உள்ளே இழுத்து வெளியே தள்ளி, உள்ளே ஒருவர் மூச்சு விடுவதுபோல அசைந்தது.

விசில் அவளை அறிமுகப்படுத்தினார். “எங்க அண்ணி. அண்ணன் என்ன நெனச்சாருன்னு இவங்களை விட வேற யாருக்குத் தெரியும்?” கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

மைக்கின் முன்னால் நின்றாள். சொல்லவேண்டிய வாக்கியம் மனப்பாடமாக இருந்தது. என் வீட்டுக்காரர் இதை ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டார். நாக்கு நுனியில் வந்து நின்றது. முதுகுக்குப் பின்னால் தார்ப்பாய் படபடத்தது. திரும்பிப் பார்க்கக்கூடாது என்று நினைத்தாள். திரும்பினால் அந்த முகம் மூடியிருக்காது என்று ஏனோ தோன்றியது.

“அவர் சொன்னாரு” என்றாள்.

கூட்டத்துக்குப் புரியவில்லை. அவளே தொடர்ந்தாள்.

“ஆஸ்பத்திரியில ஒரு நாள் சொன்னாரு. அதை என் கையில குடுத்திருக்கலாம்னு சொன்னாரு. சொல்லலைன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா அது ஒரு நாள். பயந்துபோன மனுஷன் பேசினது. அதுக்கு முன்னாடி அத்தனை வருஷமும் அவர் உங்ககூடதான் நின்னாரு. அதுவும் அவர்தான். இதுவும் அவர்தான். எதை வச்சு நீங்க அவரை உங்க ஆளுன்னு சொல்லுவீங்க? அவங்க எதை வச்சு அவங்க ஆளுன்னு சொல்லுவாங்க? அவர் போயாச்சு. ஓட்டு உங்களோடது. உயிரோட இருக்கறவங்க பேசித் தீத்துக்கோங்க. அவரை விட்டுடுங்க…”

கடைசி வார்த்தைகள் பாதிக் கூட்டத்துக்குப் போய்ச் சேரவில்லை. யாரோ “காசு எவ்வளவு வாங்கினே?” என்று கத்தினார். மைக் செத்துப்போனது. அணைத்தது விசில்தான். அவள் கையைப் பிடித்துப் படியிறக்கி விட்டார். திட்டவில்லை. அவள் முகத்தைப் பார்க்கவுமில்லை. தடுமாறி இறங்கியவளை முன்வரிசைக்காரர்கள் தங்கள் கண்ணாடிகள் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அந்தப் பார்வையின் பவர்கூடத் தெரியும்.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை.

மூன்றாம் நாள் கடைக்குப் போனபோது எதிர் மாடியில் மறுபடி ஏணி சாத்தியிருந்தது. ஹாரனைக் கிழிக்கிறார்கள் என்று ஒரு நிமிடம் மகிழ்ந்துபோனாள். கிழிக்கவில்லை. அவரைக் கொஞ்சம் நகர்த்தி, பக்கத்தில் இடம் விட்டு, இன்னொரு முகத்தை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மைக்கின் முன்னால் வாயைத் திறந்தபடி நிற்கும் ஒரு பெண்ணின் முகம். கீழே, ‘அவர் சொன்னாரு. மனைவியே ஒப்புக்கொண்ட உண்மை!’

உள்ளே வந்தாள். எல்லாக் கண்ணாடியிலும் இப்போது இரண்டு பேர். அவளும் அவரும். கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் சேர்ந்து எடுத்துக்கொண்ட படங்களே குறைவு. ஊர்க்காரர்களின் ஃபோன் வீடியோக்களிலும் அவள் பேசினாள். கடைக்கு வந்தவர் ஒருவர் கையில் அவள் குரல் ‘அவர் சொன்னாரு, அவர் சொன்னாரு’ என்று திரும்பத் திரும்பக் கேட்டது. அதற்கு முன்னும் பின்னும் இருந்ததையெல்லாம் வெட்டியெடுத்திருந்தார்கள். அந்த வாடிக்கையாளர் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். செத்துப்போனவள் எழுந்துவந்து லென்ஸ் துடைப்பதைப் பார்ப்பது மாதிரி.

முதலாளி நல்ல மனிதர். “கொஞ்ச நாள் பின்னாடி அறையில உக்காந்து வேலை பாருங்கம்மா” என்றார். ஜன்னல் இல்லாத அறை. அங்கே முகம் பார்க்கிற கண்ணாடியும் கிடையாது. அவளுக்கு அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் லென்ஸைச் செதுக்குகிற மெஷின் ஓய்கிற ஒவ்வொரு முறையும் காதுக்குள் தன் குரல் கேட்டது. தான் எங்கே இருக்கிறோம் என்றே குழம்பியது. வெளியே, வெயிலில், அத்தனை பேர் பார்க்க இருப்பவளா, உள்ளே உட்கார்ந்திருப்பவளா?

மகள் ஃபோன் செய்தாள். “நான் பண்ணலம்மா. சத்தியமா நான் பண்ணல. வேண்டாம்னு சண்டை போட்டேன். கேக்கல. வேலையை விட்டுட்டேன்.”

“சரி பாப்பா.”

“என்னை நம்புறியா?”

“நம்பறேன்” என்றாள். நம்பினாள்தான். ஆனாலும் ஃபோனைத் திரை கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்தாள்.

வாக்கெடுப்பு நாளில் வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னாலும் பின்னாலும் இருந்தவர்கள் ஓரடி தள்ளி நின்றார்கள். திரைக்குப் பின்னால் போய், சீட்டைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் நின்றாள். அங்கே ஒரு படமும் இல்லை. ஆம் என்று ஒரு கட்டம், இல்லை என்று ஒரு கட்டம். பல வாரங்களில் முதன்முறையாக அவரிடம் ஒன்றும் கேட்காமல், தனக்குப் பட்டதில் முத்திரை குத்தினாள். எதில் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அரசாங்கம் ஜெயித்தது. பெரிய வித்தியாசத்தில் இல்லை. ஆனால் ஜெயித்தது ஜெயித்ததுதான். ஏற்கனவே ஓய்வூதியம் வாங்குகிறவர்களுக்கு ஒரு குறையும் வராது என்று அறிவித்தார்கள்.

சில வாரம் கழித்து விசில் கடைக்கு வந்தார். அவளைக் கேட்டு வரவில்லை. கண் தெரியவில்லை என்று வந்தவரை முதலாளிதான் பின்னறைக்கு அனுப்பினார். அவள் கண் சோதிக்கிற கனத்த ஃபிரேமை அவர் மூக்கில் வைத்து, ஒவ்வொரு லென்ஸாக மாற்றினாள்.

“இது?”

“மங்கல்.”

“இது?”

“பரவாயில்ல.” கொஞ்ச நேரம் எழுத்துப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இனிமே பொதுவுல போட ஆள் இல்ல அண்ணி. புதுசா வர்றவன் எல்லாம் அவனவன் கணக்குல போட்டுப்பான். இருக்கறதை வச்சுத்தான் நமக்குக் குடுத்து ஓட்டணும். காசு முதல்ல தீருமா, நாம முதல்ல தீருவோமான்னுதான் இப்பப் போட்டி.”

“நான் அன்னிக்குச் சொன்னதாலயா தம்பி?”

ஃபிரேமுக்குள் அவர் கண்கள் பெரிதாக, ஈரமாகத் தெரிந்தன.

“தெரியல” என்றார். “இல்லைன்னு சொல்லத்தான் நெனச்சேன். வாய் வரல. ஆனா ஒண்ணு அண்ணி… அண்ணன் அப்படிப் பொலம்பினாருன்னு கேட்டதும் எனக்குக் கோவம் வரல. அவருக்கும் பயம் இருந்திருக்குன்னு ஒரு மாதிரி நிம்மதியா இருந்தது. எனக்கு தினமும் இருக்கு.”

லென்ஸுக்குக் காசு வேண்டாம் என்றாள். அவர் கேட்கவில்லை, வைத்துவிட்டுப் போனார்.

மகள் தனியாகத் தங்கியிருந்த அறையைக் காலி செய்துகொண்டு அம்மா வீட்டுக்கே வந்துவிட்டாள். வேறு வேலை தேடுவதாகச் சொன்னாள்; தேடியதாகத் தெரியவில்லை. வாக்கெடுப்பு முடிந்தால் அந்தப் படங்களைக் கிழிக்க வேண்டியது யார் பொறுப்பு என்று யாருக்கும் தெரியாததால் அவை அப்படியே இருந்தன. மழையில் தொங்கின. இருவரும் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகலில் மகள் திடீரென்று சொன்னாள். “அம்மா, எனக்கு அப்பா குரல் ஞாபகம் வரமாட்டேங்குது.”

“என்னடி இது?”

“ரேடியோ விளம்பரத்துக்கு ஒருத்தரைப் பேச வச்சோம். அப்பா வயசு ஆளு. நான் எழுதினதைத்தான் பேசினாரு. நான்தான் பக்கத்துல உக்காந்து, இன்னும் தணிவா, இன்னும் அன்பான்னு சொல்லிக் குடுத்தேன். இப்ப அப்பாவை நெனச்சா அந்தக் குரல்தான் வருது. ‘கண்ணுங்களா, யோசிச்சு முடிவெடுங்க’ன்னு. அப்பா என்னைக் கண்ணுன்னே கூப்பிட்டதில்ல. ஆனா மண்டைக்குள்ள அவர் கூப்பிடறாரு. கழட்டவே முடியல.” முழங்காலைக் கட்டிக்கொண்டாள். “அவர் நெஜமா எப்படிப் பேசுவாரு? ஏதாவது சொல்லு. எதுவானாலும் சரி.”

கண்ணாடியம்மா யோசித்தாள். மேடையில் பேசியதெல்லாம் வந்தது. ஆஸ்பத்திரிப் புலம்பல் வந்தது. அவற்றைத் தள்ளினாள். அவற்றுக்கு அடியில் ஏதாவது இருக்கிறதா என்று துழாவினாள். கடைசியில் ஒன்று அகப்பட்டது.

“நீ சின்னதா இருக்கறப்போ அவர் சீட்டுக்குப் பின்னாடிதான் உக்காருவே. நின்னுட்டே வருவேன்னு அடம் பிடிப்பே. திரும்பிப் பாக்காமலே சொல்லுவாரு, ‘கம்பியைப் பிடி, குரங்கே. திருப்பம் வருது.’”

மகள் கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு தலையாட்டினாள். “இல்லம்மா. அது உன் குரல்.”

“என் வாய்லேருந்து என் குரல்தானே வரும்?”

“இன்னொரு தடவை சொல்லேன்.”

அவள் தொண்டையைச் செருமி, கொஞ்சம் கரகரப்பாகச் சொல்லிப் பார்த்தாள். மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு பாதியிலேயே அழுகையானது. கண்ணாடியம்மா அவளை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். கீழே தெருவில் ஒரு பஸ் வந்து நின்றது, ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். அது கிளம்பிப் போகிற வரைக்கும் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவள் மகளின் காதருகே, குரலை எதுவும் செய்யாமல், தனக்கு வருகிறபடி மறுபடி அதையே சொன்னாள்.